லாரி எஞ்சினில் எரர் கோடு வந்தால்: முத்துப்பேட்டையிலிருந்து சில குறிப்புகள்

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது நடந்தது இது. சம்பா அறுவடை மும்முரமாக இருந்த நேரம். ராத்திரி ஒன்பது மணிக்கு அத்தான் போன் செய்தார். அவர் சொந்தமாக ஒரு பி.எஸ்.6 லாரி வைத்திருக்கிறார். அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையங்களிலிருந்து கிடங்குக்கு நெல் மூட்டை ஏற்றுவார். மற்ற மாதங்களில் வேதாரண்யத்திலிருந்து உப்பு.

"மாப்ள, வண்டி மறுபடியும் இழுக்க மாட்டேங்குது. மஞ்ச லைட்டு எரியுது. நீ சொன்ன சென்சாரத்தான் மாத்தினோம். இப்ப ஈ.சி.யூ போயிடுச்சுங்குறாங்க. லட்சத்துக்கு மேல ஆகுமாம்."

"நீ சொன்ன சென்சார்" என்றது சுருக்கென்று குத்தியது. இரண்டு வாரம் முன்பு இதே கோளாறு வந்தபோது ஒரு பட்டறையில் ஃபியூயல் ரெயில் பிரஷர் சென்சாரை மாற்றியிருந்தார்கள். நாலு நாளில் கோளாறு திரும்பியது. அத்தான் எனக்கு ஸ்கேனர் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பினார். சென்னையில் உட்கார்ந்துகொண்டு முதல் வரியை மட்டும் படித்துவிட்டு, "போட்டது டூப்ளிகேட்டா இருக்கும், ஒரிஜினல் வாங்கி மாத்துங்க" என்று தீர்ப்பு சொன்னவன் நான்தான். ஆக ஒரே சென்சார் இரண்டு முறை மாறிவிட்டது. லாரிக்கு மாதத் தவணை இருக்கிறது. ஓடினால்தான் கட்ட முடியும்.

மறுநாள் ஊரில் பழைய ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அரை நாளில் கோளாறு பிடிபட்டது. அவர் செய்ததையும், அதன் பின்னால் இருக்கிற மின்சாரக் கணக்கை நான் பிறகு படித்துப் புரிந்துகொண்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன். லாரி வைத்திருப்பவர்களுக்கும், என்னைப் போல போட்டோ பார்த்துத் தீர்ப்பு சொல்பவர்களுக்கும் உதவும்.

மைக்கோ பம்ப் காலமும் ஈ.சி.யூ காலமும்

டெல்டாவில் நாற்பது வயதைக் கடந்த எந்த லாரி டிரைவரைக் கேட்டாலும் "மைக்கோ பம்ப்" என்பார். 1951-ல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி என்ற பெயரின் சுருக்கம் அது. 2008-ல் கம்பெனி பெயர் பாஷ் என்று மாறிவிட்டது, ஆனால் பேச்சில் மைக்கோ மாறவில்லை. அந்தக் காலத்து எஞ்சினுக்கு ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் கரண்ட்டே வேண்டாம். பம்புக்குள் இருக்கிற கேம், பிளஞ்சர், கவர்னர் எல்லாம் இரும்பு. எவ்வளவு டீசல், எப்போது என்பதை இரும்பே முடிவு செய்தது. மேஸ்திரி காதும் கண்ணும் வைத்துக் கோளாறு பிடித்தார்.

புகைக் கட்டுப்பாடு இறுக இறுக அது போதாமல் போனது. 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.4, 2020 ஏப்ரல் 1 முதல் ஐந்தைத் தாண்டி நேராக பி.எஸ்.6. இன்றைய காமன் ரெயில் எஞ்சினில் டீசல் ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில் ஒரு பொதுக் குழாயில் காத்திருக்கிறது. ஒவ்வொரு இன்ஜெக்டரையும் எந்த மில்லிசெகண்டில் திறப்பது என்று ஈ.சி.யூ கட்டளை இடுகிறது. அந்த ஈ.சி.யூவுக்குக் கண்ணும் காதும் சென்சார்கள்தான். ரெயில் அழுத்தம், டர்போ காற்றழுத்தம், கூலன்ட் வெப்பம், ஆயில் அழுத்தம், கிராங்க் வேகம், புகைக்குழாயில் நாக்ஸ் என்று ஒரு லாரியில் டஜன் கணக்கில் இருக்கும்.

முக்கியமான சென்சாரின் பேச்சில் சந்தேகம் வந்தால் ஈ.சி.யூ எஞ்சினைக் காப்பாற்றுவதற்காக இழுவையைக் குறைத்துவிடும். அத்தான் வண்டிக்கு நடந்தது அதுதான். எஞ்சினுக்குள் ஒன்றும் உடையவில்லை. எஞ்சினை நம்ப முடியவில்லை என்று ஈ.சி.யூ முடிவு செய்தது.

சென்சார் எப்படிப் பேசுகிறது

பிரஷர் சென்சார் ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று ஒயர் இருக்கும். ஒன்றில் ஈ.சி.யூ 5 வோல்ட் கொடுக்கிறது. இன்னொன்று ஈ.சி.யூவுக்குத் திரும்பும் எர்த். மூன்றாவது சிக்னல். லாரி பேட்டரி 24 வோல்ட் என்றாலும் இந்த 5 வோல்ட்டை ஈ.சி.யூ தனக்குள் தயாரித்துக் கொடுக்கிறது.

சிக்னல் பொதுவாக 0.5 வோல்ட்டிலிருந்து 4.5 வோல்ட்டுக்குள் நகரும். அழுத்தம் இல்லையென்றால் 0.5 பக்கம், முழு அழுத்தத்தில் 4.5 பக்கம். இரண்டு ஓரத்திலும் அரை வோல்ட் காலியாக விட்டிருப்பது காரணத்தோடுதான். சிக்னல் 0.1 வோல்ட்டுக்கு இறங்கினால் அது எந்த அழுத்தத்துக்கும் பொருந்தாது. ஒயர் எங்கேயோ எர்த்தில் தட்டுகிறது, அல்லது சப்ளை வரவில்லை என்று ஈ.சி.யூ புரிந்துகொள்ளும். 4.9 வோல்ட் வந்தால் எதிர்ப்பக்கத்துச் சந்தேகம்.

இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். ஈ.சி.யூ சென்சாரைப் பார்ப்பதே இல்லை. தன் சொந்தப் பின்னில் வந்து நிற்கும் வோல்ட்டேஜை மட்டும்தான் பார்க்கிறது. சென்சாருக்கும் அந்தப் பின்னுக்கும் நடுவே பல மீட்டர் ஒயர், இரண்டு மூன்று கனெக்டர், சில கிளாம்ப், ஒரு எர்த் இணைப்பு எல்லாம் இருக்கின்றன. வழியில் எது கெட்டாலும் ஸ்கேனரில் வரும் பெயர் சென்சாருடையதுதான்.

மென்பொருள் எழுதுகிற நான் இதை முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். புரோகிராம் எந்த வரியில் நின்றதோ அங்கேதான் தப்பு இருக்கிறது என்று எந்த டெவலப்பரும் நம்ப மாட்டான். தப்பான மதிப்பு எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போவோம். லாரி விஷயத்தில் அந்தப் புத்தி வரவில்லை.

கோடை முழுசாகப் படியுங்கள்

கனரக வண்டிகளில் ஜே1939 என்ற பொது மொழி புழங்குகிறது. அதில் ஒவ்வொரு கோளாறுக்கும் இரண்டு எண். எஸ்.பி.என் என்பது எதைப் பற்றிய புகார் என்று சொல்லும். எஃப்.எம்.ஐ என்பது என்ன மாதிரிப் புகார் என்று சொல்லும். எஸ்.பி.என் 110 கூலன்ட் வெப்பம், 100 ஆயில் அழுத்தம், 102 டர்போ காற்றழுத்தம், 157 ரெயில் அழுத்தம்.

பட்டறைகளில் எஸ்.பி.என்னைப் பார்த்ததும் பாகத்தை எடுக்கப் போய்விடுகிறார்கள். உண்மையில் துப்பு இருப்பது எஃப்.எம்.ஐயில். 0 அல்லது 1 என்றால் சென்சார் ஒழுங்காகப் பேசுகிறது, அளவுதான் அபாயமாகக் கூடியோ குறைந்தோ இருக்கிறது என்று அர்த்தம். 110-க்கு 0 வந்தால் எஞ்சின் நிஜமாகவே கொதிக்கிறது. அப்போது சென்சாரை மாற்றுவது, காய்ச்சல் வந்தவனுக்குத் தெர்மாமீட்டரை மாற்றுகிற கதை. 3 என்றால் வோல்ட்டேஜ் அளவுக்கு மேல், 4 என்றால் அளவுக்குக் கீழ். 5 என்றால் கரண்ட் குறைவு, அதாவது எங்கோ அறுந்திருக்கிறது. 6 என்றால் கரண்ட் அதிகம், எர்த்தில் தட்டுகிறது. 2 என்றால் சிக்னல் முன்னுக்குப் பின் முரணாகத் துள்ளுகிறது, லூஸ் கனெக்ஷனின் வழக்கமான அடையாளம்.

அத்தான் அனுப்பிய போட்டோவைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். மூன்று வரி இருந்தது. 157-க்கு 4. 102-க்கு 4. கடைசியாக 3509-க்கு 4. மூன்றும் ஒரே நேரத்தில் பதிவானவை.

3509 என்ன தெரியுமா? முதல் சென்சார் சப்ளை, அதாவது ஈ.சி.யூ கொடுக்கிற அந்த 5 வோல்ட். பதில் மூன்றாவது வரியிலேயே இருந்திருக்கிறது. நான் முதல் வரியோடு நிறுத்திவிட்டேன்.

எலெக்ட்ரீஷியன் அண்ணன் செய்தது

அண்ணனுக்கு எஸ்.பி.என் எண்ணெல்லாம் மனப்பாடம் இல்லை. நான் படித்துச் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார்.

"தம்பி, ஒரே வீட்ல மூணு பேரு ஒரே நாள்ல வாந்தி எடுத்தா ஆளாளுக்கு மருந்து வாங்குவீங்களா, இல்ல கொடத்துத் தண்ணியப் பாப்பீங்களா?"

ரெயில் சென்சாரும் டர்போ சென்சாரும் அத்தான் வண்டியில் ஒரே 5 வோல்ட் லைனைப் பங்கு போடுகின்றன. அந்த லைன் எர்த்தில் தட்டினால் ஈ.சி.யூ தன்னைக் காத்துக்கொள்ளக் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும், வோல்ட்டேஜ் விழும், அதை நம்பியிருக்கிற எல்லாச் சென்சாரும் ஒன்றாக மௌனமாகும்.

அடுத்து அத்தானிடம் கேட்டார். "எப்ப வருது?"

"லோடோட பாலம் ஏறும்போதுண்ணே. காலி வண்டில வர்றதில்ல."

இது பெரிய துப்பு. டெல்டா தட்டை நிலம், எங்களுக்கு ஏற்றம் என்றால் ஆற்றுப் பாலம்தான். கோரையாறு, பாமணியாறு, நடுவில் எத்தனையோ வாய்க்கால். லோடோடு பாலம் ஏறும்போது எஞ்சின் முழு இழுவை கொடுக்கும், மவுன்டிங் மேல் ஒரு பக்கமாகச் சாயும். அதோடு சேர்ந்து ஒயரிங்கும் நகரும். பட்டறையில் சும்மா நிற்கிற வண்டியில் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. கோடை அழித்துவிட்டுப் புதுச் சென்சார் போட்டால் குணமானது போலத் தோன்றும். எங்களுக்கு நாலு நாள் தோன்றியது.

சாவியை ஆனில் வைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், ரெயில் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி சப்ளைப் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே மீட்டரை வைத்தார். 5.0 வோல்ட். சரியாக இருந்தது. மீட்டரை அப்படியே விட்டுவிட்டு, ஒயர்க் கட்டை ஈ.சி.யூ பக்கத்திலிருந்து ஒரு சாண் ஒரு சாணாகப் பிடித்து ஆட்டிக்கொண்டே வந்தார். நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சினின் பின்பக்கம் ஒரு இரும்புப் பிராக்கெட்டுக்கு அடியில் கை போனபோது 5.0 சட்டென்று 0.3 ஆனது. கையை எடுத்தார், 5.0. அழுத்தினார், 0.3.

அந்த இடத்தில் ஒயர்க் கட்டைத் தாங்க வேண்டிய கிளாம்ப் இல்லை. முன்பு எப்போதோ வேலை பார்த்தவர்கள் மாட்டாமல் விட்டிருக்கலாம். கட்டு தொங்கி, பிராக்கெட் விளிம்பில் உரசி, மேல் உறை தேய்ந்து, உள்ளே ஒரு ஒயரின் தோல் உரிந்திருந்தது. செம்பு பச்சை பூத்துக் கிடந்தது.

தேய்ந்த துண்டை வெட்டி, அதே கனத்தில் புது ஒயர் இணைத்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டுச் சுருக்கி, புது உறை சுற்றி, ரப்பர் வைத்த கிளாம்ப்பில் மாட்டினார். செலவு சில நூறு ரூபாய். அன்று மாலையே நெல் லோடோடு பாலம் ஏறி இறங்கினோம், லைட் எரியவில்லை. முதலில் கழற்றிய சென்சார் நல்ல சென்சார். அத்தான் அதை ஸ்பேராக வைத்திருக்கிறார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதை எடுத்துக் காட்டுவார்.

ஆட்டிப் பார்த்தும் பிடிபடாமல், 5 வோல்ட் நிரந்தரமாக விழுந்தே கிடந்தால் வேறு வழி உண்டு. அந்த லைனில் இருக்கிற சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அந்தச் சென்சார் உள்ளே ஷார்ட். எல்லாவற்றையும் கழற்றியும் திரும்பவில்லை என்றால் ஒயரிங். ஒயரிங்கையும் பிரித்துவிட்டு ஈ.சி.யூ பின்னில் நேராக அளந்து, அங்கும் 5 வோல்ட் இல்லை, ஈ.சி.யூவுக்கு வர வேண்டிய பேட்டரி சப்ளையும் எர்த்தும் சரி என்றால் மட்டுமே ஈ.சி.யூ மேல் கை வைக்கலாம்.

கோடே வராத கோளாறு

கூலன்ட் சென்சார் வேறு ஜாதி. இரண்டே ஒயர், உள்ளே வெப்பம் ஏற ஏற ஓம் குறையும் தெர்மிஸ்டர். பல எஞ்சின்களில் 20 டிகிரியில் சுமார் 2500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம். ஒயர் அறுந்தால் சில வண்டிகளில் ஸ்கேனர் மைனஸ் 40 டிகிரி காட்டும். முத்துப்பேட்டையில் சித்திரை வெயிலில் மைனஸ் 40 என்றால் யாரும் சிரித்துவிட்டு ஒயரைத் தேடுவார்கள்.

சிரிக்க முடியாத கோளாறும் உண்டு. கனெக்டர் பின்னில் துரு ஏறி 1000 ஓம் கூடிவிட்டது என்று வையுங்கள். 80 டிகிரியில் 300 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 1300. ஈ.சி.யூவுக்கு அது நாற்பது டிகிரிக்குப் பக்கத்தில் தெரியும். நடக்கக்கூடிய வெப்பம்தானே, எந்த ஓரத்தையும் தொடவில்லை. கோடு உடனே வராமல் போகலாம். எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து ஈ.சி.யூ அதற்கேற்ப டீசல் கொடுக்கும். காலையில் சாவி போட்டதும் கூலன்ட், காற்று, டீசல் மூன்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாகக் காட்ட வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஒன்று மட்டும் விலகி நின்றால் அந்த ஒயரைப் பாருங்கள். மீட்டர்கூட வேண்டாம்.

இரண்டு ஒயர்ச் சென்சாருக்கு இன்னொரு சுலபமான சோதனை. கனெக்டரைக் கழற்றினால் ஸ்கேனரில் கடுங்குளிர் காட்ட வேண்டும். ஒயர்ப் பக்கத்து இரண்டு பின்னையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்தால் கடும் வெப்பம் காட்ட வேண்டும். இரண்டும் நடந்தால் ஒயரும் ஈ.சி.யூவும் நல்லவை, சென்சாரை நிம்மதியாக மாற்றலாம். இது தெர்மிஸ்டருக்கு மட்டும். மூன்று ஒயர்ச் சென்சாரில் இப்படி இஷ்டத்துக்குப் பின்களைச் சேர்க்காதீர்கள்.

பீப் சத்தத்தை நம்பாதீர்கள்

மல்டிமீட்டரில் பீப் வந்தால் ஒயர் நன்றாக இருக்கிறது என்று நானும் நினைத்திருந்தேன். இருபது இழை உள்ள ஒயரில் பத்தொன்பது அறுந்து ஒன்று மிச்சமிருந்தாலும் பீப் வரும். மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய கரண்ட். அதற்கு ஒரு இழை போதும்.

எர்த் கேபிளில் இது பெரிய விஷயம். ஸ்டார்ட்டர் மோட்டார் 400 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எர்த் இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தால் அங்கேயே 4 வோல்ட் போய்விடும். சாதாரண மீட்டரில் 0.01 ஓம் தெரியவே தெரியாது, பூஜ்யம் என்றுதான் காட்டும். ஆகவே ஓமை அளக்காமல், கரண்ட் ஓடும்போது வோல்ட்டேஜ் இழப்பை அளக்க வேண்டும். மீட்டரை டி.சி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி மைனஸ் கம்பத்திலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைக் கழற்றித் தேய்க்க வேண்டிய நேரம்.

ஈ.சி.யூவின் பவர் ஒயர்களுக்கு அண்ணன் ஒரு 24 வோல்ட், 21 வாட் பல்பை வைத்திருக்கிறார். அது கிட்டத்தட்ட 0.9 ஆம்பியர் இழுக்கும். ஒயரில் அந்தப் பல்பு பிரகாசமாக எரிந்தால் ஒயருக்குத் தெம்பு இருக்கிறது. மங்கினால் பீப்பை மறந்துவிடலாம். சென்சாரின் 5 வோல்ட், சிக்னல் ஒயர்களில் மட்டும் இந்தப் பல்பை வைக்கவே கூடாது, ஈ.சி.யூ சேதமாகும். அங்கே மீட்டர் மட்டும்தான்.

உப்பும் யூரியாவும்

எங்கள் பக்கத்து வண்டிகளுக்கு இரண்டு தனி எதிரிகள். ஒன்று உப்பு. கடற்காற்று ஒருபுறம், உப்பு லோடிலிருந்து சொட்டும் தண்ணீர் மறுபுறம். அது சேஸிஸ் வழியாக இறங்கி எர்த் போல்ட்டிலும் கனெக்டரிலும் தங்குகிறது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், கரண்ட் ஓடும் இடத்தில் செம்பை வேகமாக அரிக்கும். உப்பு நடை முடிந்ததும் நல்ல தண்ணீரில் சேஸிஸைக் கழுவுவது ஒரு நாள் சோம்பல் பார்க்கிற வேலை அல்ல. கழுவும்போது பம்ப் பீச்சலைக் கனெக்டர் மேல் நேராக அடிக்காதீர்கள்.

இரண்டாவது, புகைக்குழாயில் தெளிக்கிற யூரியாக் கரைசல். 32.5 சதவீத யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர். கசிந்தால் வெள்ளையாகப் படியும், செம்பைத் தின்னும், ஒயர் இழைகளுக்கு நடுவே ஊர்ந்து தூரத்துக் கனெக்டர் வரைக்கும் போகும். யூரியா டேங்க் பக்கத்துக் கனெக்டரில் வெள்ளைப் படிகம் பார்த்தால் அந்த ஒயரின் அடுத்த முனையையும் திறந்து பாருங்கள். வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றுகிற யோசனை யாருக்காவது இருந்தால் கைவிடுங்கள். அதில் வேப்பெண்ணெய்ப் பூச்சு இருக்கிறது, கேட்டலிஸ்ட் பாழாகும்.

கேன் லைனுக்கு அறுபது

எல்லா யூனிட்டும் ஒரே நேரத்தில் தொடர்பு இல்லை என்று புகார் சொன்னால் கேன் லைனைப் பாருங்கள். பாஷ் கம்பெனி 1986-ல் அறிமுகப்படுத்திய முறை இது, முறுக்கிய இரண்டு ஒயரில் எல்லா யூனிட்டும் பேசிக்கொள்ளும். லைனின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். பேட்டரியைத் துண்டித்துவிட்டு இரண்டு ஒயருக்கும் நடுவே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் இரண்டு ஒயரும் தட்டுகின்றன.

பாகம் வாங்குவதற்கு முன்

அண்ணனிடம் கற்றதைக் கண்ணாடியில் ஒட்டி வைக்கும்படி அத்தானுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

கோடை அழிப்பதற்கு முன் எல்லா வரிகளையும் போட்டோ எடுக்கவும். எஃப்.எம்.ஐ எண்ணைப் பார்க்கவும். ஒன்றுக்கு மேல் சென்சார் சேர்ந்து வந்தால் அவற்றுக்குப் பொதுவான சப்ளையும் எர்த்தும் எது என்று கேட்கவும். எப்போது வருகிறது என்று மெக்கானிக்கிடம் சொல்லவும்: லோடிலா, மழையிலா, சூடேறிய பிறகா. பேட்டரி, எர்த், கனெக்டர், ஒயர், அதற்கப்புறம் சென்சார், எல்லாவற்றுக்கும் கடைசியில் ஈ.சி.யூ.

தாளின் அடியில் அத்தான் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "மாப்ளயிடம் போனில் கேட்கக் கூடாது."